சோக இசையில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து

எங்கள் வானொலி நிலையம் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு தமிழ்க் கடையின் கெல்லருக்குள் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துவிட வேண்டாம். நிலத்துக்குக் கீழே ஒரு அறை. ஒரு பக்கம் அரிசி மூட்டைகள், மறுபக்கம் இரண்டு மைக், ஒரு கம்ப்யூட்டர், சத்தம் அடங்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள். மேலே கடையில் யாராவது மிளகாய்த்தூள் நிறுத்தால் கீழே செய்தி வாசிப்பவருக்குத் தும்மல் வரும். உலகச் செய்திகளுக்கு நடுவில் நான் எத்தனையோ தரம் தும்மியிருக்கிறேன். நேயர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வார நாட்களில் நான் ஒரு பேக்கரியில் பாண் விற்றேன். சனிக்கிழமைகளில் வானொலியில் பேசினேன். இரண்டுக்கும் ஒரே குரலைத்தான் வைத்திருந்தேன். இலங்கையில் யுத்தத்தின் கடைசி மாதங்கள் வந்தபோதுதான் அது போதாது என்று எங்கள் அண்ணை கண்டுபிடித்தார்.

கடைக்கும் வானொலிக்கும் அண்ணைதான் முதலாளி. மேலே கல்லாவில் இருக்கும்போது வருகிற போகிறவர்களோடு எல்லாம் பகிடி விடுவார். படிக்கட்டில் இறங்கிக் கீழே வந்ததும் முகம் மாறிவிடும். அங்கே நாட்டில் சனம் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே வானொலியில் சிரிப்பதா என்று ஒரு சட்டம் போட்டார். கெட்ட செய்தி வந்த நாளில் சினிமாப் பாட்டு இல்லை, துள்ளலான இசை இல்லை, அறிவிப்பாளர் குரலை இறக்கி வாசிக்க வேண்டும். அந்த மாதங்களில் கெட்ட செய்தி வராத நாளே கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் இறக்கித்தான் வாசித்தேன். கூறைச்சேலை விளம்பரத்தையும் இறக்கித்தான் வாசித்தேன். வுப்பர்டாலில் இருந்து அந்தச் சேலைக் கடைக்காரர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, நீங்கள் வாசிக்கிறதைக் கேட்டா இனி ஜெர்மனியில ஆரும் கலியாணம் கட்டமாட்டினம்."

இசையைக் கவனித்துக்கொண்டவர் இந்தியாவிலிருந்து வந்த எஞ்சினியர். டிரெஸ்டனில் படித்து முடித்துவிட்டு எங்கள் பக்கம் வேலைக்கு வந்திருந்தார். ஒரு நாள் சாம்பார்ப் பொடி வாங்கக் கடைக்கு வந்தவரிடம் கம்ப்யூட்டர் தெரியுமா என்று அண்ணை கேட்டார். தெரியும் என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம். பொடியோடு சேர்த்துக் கீழே அழைத்து வரப்பட்டார். அண்ணையை அவர் "சார்" என்பார். அப்படிக் கூப்பிட அண்ணைக்கு ஐரோப்பாவில் வேறு ஆள் இல்லாததால் அவர் மேல் அண்ணைக்குத் தனிப் பிரியம்.

எங்கள் ஆட்களின் பிறந்தநாள் வாழ்த்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் மரண அறிவித்தலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆளின் பெயர், ஊர், பிறகு லண்டன் சித்தப்பா குடும்பம், ரொறன்ரோ பெரியம்மா குடும்பம், சூரிச் மச்சான்மார், நோர்வே மாமி என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. முதல் வரியைக் கேட்காமல் விட்டால் ஆள் பிறந்தவரா போனவரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பின்னால் போகும் இசைதான் வித்தியாசம். பிறந்தநாளுக்குக் கீபோர்ட், மரணத்துக்கு வயலின்.

ஒரு அக்கா கடைக்கு வந்து தன் தம்பிக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அவர் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர். தம்பி யுத்தம் நடக்கும் வன்னியில் மோட்டார் திருத்துபவர். மாதக்கணக்காக அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணை தலையைச் சொறிந்தார்.

"ஆள் எங்க இருக்கிறார் எண்டே தெரியாமல் எப்பிடி வாழ்த்துச் சொல்லுறது?"

"அவனுக்கு நாப்பது வயது வருது, அண்ணை. அவன் எங்க இருந்தாலும் அது வரும்தானே."

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கட ரேடியோவில இப்ப ஆரின்ர பேரை வாசிச்சாலும் அது செத்த ஆள்தான். என்ர தம்பியின்ர பேரை ஒருக்கா உயிரோட இருக்கிற ஆளின்ர பேரா வாசியுங்கோ. எனக்கு அது போதும்."

நான் வாசிப்பதாகச் சொன்னேன். பிறந்தநாள் வரும் சனிக்கிழமை தனக்கு வேலை என்றும், சமையலறையில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள் என்றும், அதைப் பதிவு செய்து தரும்படியும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே செய்தி மிகக் கெட்டதாக இருந்தது. அதை இங்கே திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. செய்தி முடிந்ததும் மரண அறிவித்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவற்றுக்குப் பிறகு அக்காவின் வாழ்த்து. அண்ணை அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"சார், பர்த்டே மியூசிக் போடலாமா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"இண்டைக்கோ? கூடாது."

"ஒண்ணுமே போடலன்னா மேல இருக்கிற ஃப்ரீசர் சத்தம் கேக்கும் சார்."

"அப்ப மற்றதைப் போடும்."

மற்றது என்றால் வயலின். இரண்டு இசைதான் நிலையத்தின் முழுச் சொத்து. சார் சொன்னதை எஞ்சினியர் செய்தார். சட்டப்படி குரலை இறக்கி நான் தொடங்கினேன். லண்டன், ரொறன்ரோ, சூரிச், நோர்வே எல்லாம் போய் முடிவதற்குள் போன் அடித்தது.

"பிள்ளை, எப்ப எடுக்கினம்?" ஒரு ஐயாவின் குரல்.

"எதை ஐயா?"

"பொடியை. பிரேதத்தை."

"ஐயா, அது பிறந்தநாள் வாழ்த்து."

"ஐயோ பாவம். பிறந்தநாளிலயே போயிட்டாரே?"

அதன் பிறகு போன் ஓயவில்லை. ஆட்கள் தொழிற்சாலையிலும் ஹோட்டல் குசினியிலும் ஒரு காதில் மட்டும் வானொலியை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள். வயலின் கேட்டது, என் குரல் கேட்டது, குடும்பங்கள் கேட்டன. அவர்களுக்கு அது போதும். அண்ணை பதறிப்போய்த் தானே மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கில் பேசினால் செந்தமிழ் வந்துவிடும். "சற்று முன்னர் வாசிக்கப்பட்டது மரண அறிவித்தல் அன்று. நிகழ்ந்த தவறுக்கு எமது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார். நடுவில் தம்பியின் பெயரையும் தெளிவாகச் சொன்னார். ஒற்றைக் காதுக்காரர்களுக்கு மரண அறிவித்தலும், பெயரும், ஆழ்ந்த வருத்தமும் போய்ச் சேர்ந்தன. கொஞ்சம் சந்தேகத்தில் இருந்தவர்களுக்கும் அதோடு சந்தேகம் தீர்ந்தது.

"அக்கா, அவங்க வீட்டுக்கு நேரா போயிடலாம். இன்னும் பேசினா இன்னும் மோசமாகும்" என்று எஞ்சினியர் என்னிடம் சொன்னார். அன்று அந்த அறையில் பேசப்பட்ட ஒரே புத்தியான வார்த்தை அதுதான். பக்திப் பாட்டுகளை ஓடவிட்டு, கருவாடு ஏற்றும் வேனில் மூன்று பேரும் புறப்பட்டோம்.

சந்தோஷ வீட்டுக்கு அழைத்தால்தான் போவோம். செத்த வீட்டுக்கு அழைக்காமலே போவோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மூன்றாம் மாடிப் படிக்கட்டு முழுவதும் ஆட்கள். அக்கா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, கதவு பூட்டியிருந்தது. ஆண்கள் கறுப்புக் கோட்டுகளோடு சுவரில் சாய்ந்து நின்றார்கள். பெண்கள் படிகளில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒருவர் சோறும் பருப்பும் கொண்டு வந்திருந்தார், இன்னொருவர் பெரிய பிளாஸ்கில் கோப்பி. எங்கள் பழக்கம் விடுமா? பூட்டிய வீட்டின் முன்னாலும் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். கீழ் வீட்டு ஜெர்மன் அம்மா வந்து படிக்கட்டில் சப்பாத்து வைப்பது குடியிருப்பு விதிகளுக்கு முரண் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அது ஏறவில்லை.

"ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் வீட்டை போங்கோ" என்று அண்ணை கெஞ்சினார்.

"அதிர்ச்சியில கதைக்கிறார், பாவம்" என்றார் கோப்பி கொண்டு வந்தவர்.

அந்த நேரம் அக்கா கீழேயிருந்து ஏறி வந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. வேலை செய்யும் இடத்து அடுப்பில் சுட்டிருந்தார். இரண்டாம் மாடி வளைவில் எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தம் இல்லை.

"போன் கோல் வந்ததா? ஆர் சொன்னது?"

அண்ணை என் பின்னால் ஒதுங்கினார். நான்தான் சொன்னேன்.

"ஒரு கோலும் வரேல்லை அக்கா. வாழ்த்துக்கு மியூசிக் மாறிப்போச்சு. இவையள் அதைக் கேட்டுட்டு வந்திட்டினம். வேற ஒண்டும் இல்லை."

அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் மூச்சு வாங்கினார். அண்ணைக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன். அக்கா எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு மேலே போய்க் கதவைத் திறந்தார்.

"எல்லாரும் உள்ள வாங்கோ. ஒருத்தரும் போகக் கூடாது."

எல்லோரும் உள்ளே போய் நின்றோம். மேசையில் கேக்கை வைத்து வெட்டினார்.

"என்ர தம்பி செத்திருந்தா நீங்கள் எனக்குச் சாப்பாடு தரவேணும். அவன் இருக்கிறான். அதால நான்தான் உங்களுக்குத் தருவன். சாப்பிடுங்கோ."

துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் இனிப்புச் சாப்பிடுவதா என்று ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னாலோ அது அந்த மனிதர் செத்துவிட்டார் என்று சொல்வது போல ஆகிவிடும். முதல் துண்டை அண்ணை எடுத்தார். சர்க்கரை வியாதிக்காரர். முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டு அழுதார். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். கீழ் வீட்டு அம்மா சப்பாத்து வழக்கைத் தொடர மேலே வந்து எட்டிப் பார்த்தார். எஞ்சினியர் அவரிடம் பிறந்தநாள் என்று சொன்னார். ஜெர்மன்காரர் பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரருக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். அந்த அம்மா அழுத கண்ணோடு நின்ற ஒவ்வொருவரோடும் கை குலுக்கி வாழ்த்தினார். கறுப்புக் கோட்டுக்காரர்கள் வரிசையில் நின்று நன்றி சொன்னார்கள்.

செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது நாங்கள் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அன்று ஒவ்வொருவரும் வாசலில் நின்று, அக்காவுக்கு நன்றாகக் கேட்கும்படி, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் தம்பி செத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ரொறன்ரோப் பெரியம்மா அங்கே அழுது, அதைக் கேட்ட ஒருவர் கொழும்புக்குச் சொல்லி, கொழும்பிலிருந்து அகதி முகாமுக்குள் இருந்த யாருக்கோ செய்தி போயிருக்கிறது. செய்தியோடு துக்கம் விசாரிப்பதற்கு அக்காவின் போன் நம்பரும் போயிருக்கிறது. யுத்தம் முடிந்து அந்தத் தம்பி முகாமுக்குள் வந்து சேர்ந்தபோது, தண்ணீர் வரிசையில் ஊர்க்காரர் ஒருவர் அவரைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டு நடுங்கினாராம். ஓடிய ஓட்டத்தில் தம்பியிடம் இருந்த நம்பர்கள் எல்லாம் தொலைந்திருந்தன. தன் சாவுக்குத் துக்கம் விசாரிக்கும் நம்பரை அவரிடம் வாங்கி, கெஞ்சிக் கூத்தாடி ஒரு போன் எடுத்துவிட்டார்.

அக்கா நேரே எங்கள் நேரடி நிகழ்ச்சிக்கு அழைத்தார். "செத்தவர் கதைச்சவர்" என்றார். அண்ணை தன் சட்டத்தைத் தானே உடைத்து, பிறந்தநாள் இசையைப் போடச் சொன்னார். இனி எந்த நாளென்றாலும் பிறந்தநாளுக்குக் கீபோர்ட்தான் என்றும் அறிவித்தார். கெல்லருக்குள் மூன்று பேரும் வெகுநாட்களுக்குப் பிறகு சிரித்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு அம்மா போன் எடுத்தார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"பிள்ளை, வன்னியில காணாமல் போன என்ர மகனுக்கும் ஒரு பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கவேணும்."

"ஓம் அம்மா. சொல்லுங்கோ."

"அந்த வயலினோட வாசிப்பீங்களோ?"

"அம்மா, அது பிழையாப் போனது."

"தெரியும் பிள்ளை. அந்தப் பிழையைத்தான் கேக்கிறன்."

நான் எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் வயலினைத் தேடி எடுத்தார். அண்ணை மேலே போய்விட்டார்.

இப்போது எங்கள் வானொலி போனுக்குள் வந்துவிட்டது. எஞ்சினியர் வீட்டிலிருந்தே இசை போடுகிறார். அந்த வாழ்த்தை வருடா வருடம் வாசிக்கிறேன், வயதை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டு. இந்த வருடமும் அந்த அம்மா முதல் நாளே போன் எடுத்தார். வாழ்த்தின் முடிவில் தன் போன் நம்பரைச் சொல்ல மறக்க வேண்டாம் என்றார். மறக்கமாட்டேன் என்றேன்.

"ஆறுதலா, மெதுவாச் சொல்லுங்கோ பிள்ளை. அவன் எழுதி எடுக்க வேணும்."