சீனப் பேரரசரின் படுக்கையறை

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்திருக்கும் யோகன் அண்ணையைப் பார்க்க இன்று போயிருந்தேன். போன வாரம்தான் பெய்ஜிங்கிலிருந்து திரும்பியவன் நான். அங்கே அரண்மனைக்குள் பேரரசர் குடும்பம் வாழ்ந்த பகுதியில் எடுத்த படங்களைக் கைபேசியில் காட்டினேன்.

ஒரு படத்தில் அண்ணையின் விரல் நின்றுவிட்டது.

“இதென்னடாப்பா, வேலைக்காரன்ர அறையோ?”

“இல்லை அண்ணை, பேரரசர் படுத்த அறை.”

“விசர்க்கதை கதையாதை! கட்டிலைப் போட்டால் கதவு திறக்கேலாது போல கிடக்கு!”

நானும் அங்கே கண்ணாடிக்கு வெளியே நின்று வாயைப் பிளந்தவன்தான். சின்ன அறை என்றால் குளிர்காலத்தில் சூடு நிற்குமாம், வழிகாட்டி சொன்னார்.

அண்ணைக்கு மனம் ஆறவில்லை.

“இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டிப்போட்டு ஒரு மூலைக்க ஒதுங்கிக் கிடந்தவரோ? பிறகென்னத்துக்குக் கட்டினவர்?”

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி மீன்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கினார். புதுக் குசினியில் கறி மணக்கக் கூடாதென்று அடுப்பைக் கார் விடும் கராஜில் வைத்திருக்கிறார்கள். புது சோபா அழுக்காகுமென்று சாப்பாடும் கராஜில்தான். அடுக்கிவைத்த குளிர்கால டயர்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரைகளில் மூவரும் இருந்தோம்.

நான் சோற்றில் இன்னும் ஒரு கரண்டி விட்டுக்கொண்டேன். குழம்பு அவ்வளவு ருசி.

உங்கள் வீட்டுப் பேரரசர் எந்த மூலையில் இருக்கிறார்? உண்மையைச் சொல்லுங்கோ.