மௌன விரதத்தன்று வந்த அழைப்பு

அம்மனை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளே, போன ஆடியில் அவள் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

நான் கித்துல்கலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் முதலில் இங்கே ஆற்றில் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப் போனார். பிறகு டைவிங் படித்தார். இப்போது சீசன் மாதங்களில் திருகோணமலைப் பக்கம், கடலுக்கு அடியில் ஆட்களைக் கூட்டிப் போகிறார். அந்த மாதங்களில் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், நான் தனி. பக்கத்துக் காம்பரா அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சில நாள் என் குரலை நானே கேட்பதில்லை.

போன சீசனுக்குப் புறப்படும்போது உள்ளங்கை அளவு ஒரு கருவியைக் காட்டினார்.

“டவர் இல்லாத நடுக்கடல்லயும் இது சேட்டலைட்டுக்குச் செய்தி அனுப்பும் புள்ள. ஆபத்துன்னா மூடியத் தொறந்து இந்த பட்டன அழுத்தணும். நாங்க இருக்கற எடம் மீட்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும். எங்க டைவிங் முதலாளி நம்பரோட உன் நம்பரையும் குடுத்திருக்கேன்.”

“தண்ணிக்கு அடியில இருந்து அழுத்துனா?”

“அடியில வேலை செய்யாது. மேல வந்து வானத்தப் பாக்கப் புடிக்கணும். அதான் தண்ணி போகாத டப்பாவுக்குள்ள பூட்டி, கூடவே கட்டிக்கிட்டு முங்குறோம்.”

“அப்ப அடியில யாரு பாத்துக்குவா?”

“அடியில மாரியம்மாதான். அவளுக்கு சார்ஜ் போட வேணாமே” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி வெள்ளிகளில், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை வாய் திறப்பதில்லை என்று அன்றே வேண்டிக்கொண்டேன். மேட்டில் உள்ள எங்கள் கோயிலுக்குப் பூசாரி கிடையாது. விளக்கேற்றுவதும் நான்தான். கீழே கடை வைத்திருக்கும் குசுமா அக்கா, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேலி செய்வார்: “நீ ஒருத்தி இருக்கற வீட்டுல மௌன விரதமா நங்கி? உங்க அம்மனுக்கு வித்தியாசம் தெரியுமா?”

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் எனக்குப் போன் பண்ணினார். விரத நாளில் அவர் பேசுவார், நான் நகத்தால் போனைத் தட்டுவேன். அதுதான் என் பதில்.

“இன்னைக்கு ரெண்டு பேருதான். வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி. முதலாளியே படகு ஓட்டறாரு. வச்சிரட்டா?”

தட்டினேன்.

மத்தியானம் பால் வாளியைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். இங்கிலீஷ். அந்தக் கருவியின் செய்தியைப் பிடிக்கிற இடம் என்று பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் சிங்களத்தில் ஒருவர் இணைந்தார்.

“நோனா, கடல் மீட்புப் பகுதியிலிருந்து பேசுறோம். உங்க வீட்டுக்கார மஹத்தயாவோட கருவியில இருந்து ஆபத்துன்னு செய்தி வந்திருக்கு. முதலாளிக்கு லைன் போகல. கேக்குதா?”

நான் நகத்தால் தட்டினேன்.

“கேக்குதா நோனா? ஏதோ சத்தம் மட்டும் வருது. லைன் சரியில்ல, வைக்கிறேன்...”

அவருக்காக எடுத்த விரதம். அதை விட்டால் அம்மன் அவரை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். சுற்றிலும் ஒரு மனுசர் இல்லை, போனை நீட்டிப் பேசச் சொல்ல. “தாயே, மன்னிச்சுக்கோ” என்று மனதுக்குள் சொல்லி வாயைத் திறந்தேன்.

“சேர், வைக்காதீங்க!”

“தெரியாம அழுத்தியிருப்பாரா?”

“மாட்டாரு சேர். மூடியத் தொறந்துதான் அழுத்தணும். மூணு பேரு சேர். இவரும், ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டியும். முதலாளி படகுல இருக்காரு.”

“சரி. இப்பவே படகு அனுப்புறோம்.”

அதன்பின் போன் வெறும் கல்லாக இருந்தது. கோயிலுக்கு ஓடினேன். மழை கொட்டியது. விரதம் முறிந்த வாய்தானே என்று கத்தியே அழுதேன். “தப்புன்னா என்னத் தண்டிச்சுக்கோ. அவர மேல கொண்டுவா.” பதிலுக்குக் கூரைத் தகரத்தில் மழைச் சத்தம்தான். அந்தத் தனிமை என் எதிரிக்கும் வேண்டாம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. அவர் குரல்.

“புள்ள... நீ பேசுனியாமே?”

அழுதபடி நகத்தால் போனைத் தட்டினேன்.

நீரோட்டம் மூவரையும் இழுத்துப் போயிருக்கிறது. மேலே வந்தால் படகைக் காணோம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, இவர் கருவியைத் தலைக்கு மேல் தூக்கியபடி மிதந்திருக்கிறார். முதலாளி வேறு திசையில் தேடிக்கொண்டிருக்க, மீட்புப் படகு நேராக இவர்களிடம் வந்திருக்கிறது.

தனிமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவர் இந்த சீசனுக்கும் போயிருக்கிறார். ஆனால் நான் இப்போது மௌனம் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயில் படியில் உட்கார்ந்து, மரத்தில் பால் குறைந்தது முதல் அவர் முங்கும் இடம் வரை, எல்லாவற்றையும் சத்தமாக அவளிடம் சொல்கிறேன்.

கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு ஒற்றையாய் இருப்பவர்களே, அந்தக் கருவியைக் கொடுத்து அனுப்புங்கள். பிறகு அம்மனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அழுகையில் வார்த்தை வராவிட்டாலும் பயப்படாதீர்கள். அவள் போனை வைத்துவிட மாட்டாள்.