வடிகட்டித் துணி

ஜீவனஹள்ளியில் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் தனக்கோடியைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்வார்கள். அதில் பாதி அவர் வேலைக்கு, மீதிப் பாதி அவர் ஷெட்டின் ஆணியில் தொங்கும் வெள்ளைத் துணிக்கு. பழைய பனியனைத் துவைத்துக் காயவைத்துக் கிழித்த துணி. புது டின்னை அப்போதுதான் உடைத்திருந்தாலும் சரி, அந்தத் துணியில் வடிகட்டாமல் ஒரு சொட்டு ஆயிலைக்கூட வண்டிக்குள் ஊற்ற மாட்டார். பத்தொன்பது வயதில், ஒரு லாரி ஷெட்டில் தூசி விழுந்த ஆயிலை ஊற்றி இன்ஜினைக் கெடுத்து, முதலாளியிடம் கன்னத்தில் அறை வாங்கியவர். அன்று பிடித்த பழக்கம் ஐம்பத்தாறு வயதிலும் விடவில்லை. மற்ற மெக்கானிக்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால் உதட்டைப் பிதுக்குவார்.

"அவனுங்க அப்படியே கவுத்துடுவானுங்க சார். நம்ம கிட்ட அந்த வேலையே கிடையாது."

இந்தப் பீற்றலை ஏரியாவே சகித்துக்கொண்டிருந்தது. வேலை சுத்தமாக இருந்ததே, என்ன செய்வது.

தமயந்தி டீச்சரின் சாம்பல் நிறக் கார் பதினான்கு வருடமாகத் தனக்கோடி கையில்தான். காருக்கு வயது பதினெட்டு. டீச்சர் ரிடையராகிவிட்டார். அவர் கணவர் சுந்தரேசனுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியைக் கண்டதும் வாடகைக் கார்க்காரர்கள் ட்ரிப்பை கேன்சல் செய்துவிட்டு நழுவுகிறார்கள். அதனால் டீச்சரே ஓட்டுகிறார். இடது மார்பில் ஆபரேஷன் ஆனவர். அந்தப் பக்கக் கையால் பளு இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டீயரிங் லேசாகத் திரும்பினால்தான் அவரால் ஓட்ட முடியும். அவர் ஓட்டினால்தான் சுந்தரேசனுக்கு உயிர் ஓடும்.

ஸ்டீயரிங்கை லேசாக்குவது பவர் ஸ்டீயரிங் பம்ப். போன தீபாவளிக்கு முன் முதல் பம்ப் ஊளையிட்டுச் செத்தது. வயசான வண்டிதானே என்று தனக்கோடி மாற்றிக் கொடுத்தார். நாலே மாதத்தில் இரண்டாவது பம்பும் போனது. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று உதிரிபாகக் கடைக்காரனிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மூன்றாவதை வாங்கி வந்து மாட்டினார். அது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தொம்மலூர் மேம்பாலத்துக்குக் கீழே டீச்சர் யூ டர்ன் எடுக்கும்போது ஸ்டீயரிங் இறுகிப்போய், கார் டிவைடரில் ஏறி நின்றது. சுந்தரேசனின் தலை கதவில் மோதி நாலு தையல்.

"வியாழக்கிழமை அவருக்கு டயாலிசிஸ் இருக்கு தனக்கோடி. ஒண்ணு சரியா கண்டுபிடிங்க, இல்ல முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார் டீச்சர் போனில். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தனக்கோடிக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை காலையிலிருந்து அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. பெல்ட் சரியாக இருந்தது. பம்பைச் சுழற்றும் சக்கரம் நேராக இருந்தது. குழாய்களை ஊதிப் பார்த்தார், எங்கும் ஓட்டை இல்லை. மிச்சம் இருந்தது ஆயில் ஊற்றி வைக்கும் பிளாஸ்டிக் டப்பா மட்டும். இந்த மாடலுக்குப் புது டப்பா கிடைப்பதில்லை என்று மூன்று தடவையும் பழையதையே துடைத்து மாட்டியிருந்தார். மேலிருந்து பார்த்தால் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கீழ்வழியாக ஊதியபோது காற்று போகவில்லை. ஹாக்ஸா பிளேடை எடுத்து டப்பாவை இரண்டாக அறுத்தார்.

அடியில் ஆயிலை வடிகட்டும் ஒரு சின்ன வலை. அதன்மேல் கம்பளி போல ஏதோ படிந்திருந்தது. கிள்ளி எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். நூல். பனியன் நூல். வருடா வருடம் அக்கறையாக வடிகட்டி ஊற்றிய ஆயிலோடு இழை இழையாக இறங்கி, வலையை அடைத்திருந்தது. ஆயில் கிடைக்காமல் காய்ந்தே மூன்று பம்பும் செத்திருக்கின்றன.

தனக்கோடிக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைக்காரன் முகம் ஞாபகம் வந்தது, பிறகு நாலு தையல். காயலான் கடையில் ஒரு பழைய டப்பாவைத் தேடிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் வண்டி ஜம்மென்று ஓடும். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவார். அரை மணி நேரம் அந்த ஆசையோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம் தன் மேலேயே எரிச்சல் வந்து, டீச்சருக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

மூன்று மணிக்கு டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தனக்கோடி அறுத்த டப்பாவை நீட்டினார்.

"பம்ப் மேல தப்பில்லம்மா. கடைக்காரன் மேலயும் இல்ல. நான் வடிகட்டுன துணியோட நூலு. தப்பு என்னுதுதான்."

டீச்சர் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நாலு தையல் போட்டாங்க தனக்கோடி."

"தெரியும்மா."

திட்டு விழும் என்று அவர் தலையைக் குனிந்து நின்றார். விழுந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் டீச்சர் கேட்டது வேறு.

"பிரேக்குக்கும் ஒரு ஆயில் ஊத்துவீங்கல்ல? அதையும் இந்தத் துணியிலதான் வடிகட்டுனீங்களா?"

தனக்கோடி இதை யோசிக்கவே இல்லை.

"ஆமாம்மா."

"என் வண்டிக்கு மட்டுமா?"

"எல்லா வண்டிக்கும்."

சொல்லி முடிக்கும்போதே, போன வாரம் பிரேக் ஆயில் மாற்றிய நாகேஷின் ஸ்கூல் வேன் அவர் கண்முன் வந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நம்பரை இரண்டு தடவை தப்பாகத் தேடி, மூன்றாம் தடவை பிடித்தார். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நாகேஷ் எடுத்தான்.

"சொல்லுங்கண்ணா."

"நாகேஷ், வண்டிய மெதுவா ஓரம் கட்டு. கியரைக் குறைச்சு நிறுத்து. பசங்க எத்தன பேரு இருக்காங்க?"

"பதினாலு பேரு. ஏண்ணா? போன வாரம்தானே நீங்களே பிரேக் பாத்துக் குடுத்தீங்க?"

"அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்" என்றார் தனக்கோடி.