அவர் கோப்பையில் குறைந்த சோறு

துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு வேலையிடத்துப் பரிசோதனையில் பிரஷர் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சம்தான். ஆனால் எனக்கு அன்று தொட்டு நித்திரை போய்விட்டது. இந்த மனிதருக்கு ஏதும் ஆனால் நான் என்ன செய்வேன் என்று பயந்தே செத்தேன்.

விடுவேனா? சல்லிக் கிராமத்திலிருந்து வரும் கருவாட்டை நிறுத்தினேன். அவருடைய தேத்தண்ணீரில் சீனியை நிறுத்தினேன். இரவில் அவர் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கிற சோற்றில் பாதியைத் திரும்ப அள்ளினேன். அவர் பாவமாகப் பார்ப்பார். நான் கண்டுகொள்ள மாட்டேன். அள்ளிய சோற்றைக் கொட்ட மனம் வருமா? தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி நானே சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் இறங்கியிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கிருந்த இளம் டாக்டர் பிள்ளை என்னைப் பார்த்து, "வந்தனீங்கள்தானே அம்மா, உங்களுக்கும் ஒருக்கா பாப்பம்" என்றார்.

"ஓம், பாருங்கோ. எனக்கென்ன?" என்று கையை நீட்டினேன்.

பிரஷர் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. அவருக்குத் துணையாக நானும் வெறும் வயிற்றோடு போயிருந்ததால் விரலில் குத்தி இரத்தத்தில் சீனியும் பார்த்தார்கள். அதுவும் கொஞ்சம் கூட. பிறகு இடுப்பைச் சுற்றி அளவுநாடா. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

"நான் உப்பைத் தொடுறதே இல்லையே, டாக்டர்!"

"உப்பு மட்டுமில்லை அம்மா. சோறும் சீனியும் கூடி வயிறு வைச்சால் உடம்பில இன்சுலின் கூடும். அது உப்பை வெளியில போக விடாது. பிரஷர் மெல்ல ஏறும். இப்ப குளிசை, மருந்து ஒண்டும் வேண்டாம். சோத்தைக் குறைச்சு, நல்லா நடவுங்கோ. மூண்டு மாசத்தில வாங்கோ."

ஊருக்குத்தான் உபதேசம் என்று என் கணவர் சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ வீடு வரும்வரை றோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"சிரிக்கிறதெண்டால் சிரிச்சுத் துலையுங்கோவன்!"

அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை தட்டி எழுப்பினார். வெயில் ஏறாமல் எழும்பாத மனிதர், சப்பாத்துப் போட்டு நின்றார். உப்புவெளிக் கடற்கரையில் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார்.

"இஞ்சாருங்கோ, மெல்லப் போங்கோ. உங்களுக்குத்தான் எல்லாம் சரியாப் போச்சே!"

நின்று திரும்பினார். கண் சிவந்திருந்தது. "இரா முழுக்க நித்திரை இல்லை. நீர் கதைக்காமல் நடவும்."

முப்பது வருடத்தில் இவர் எனக்காகப் பயந்து நான் கண்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். கதைக்காமல் எட்டி நடந்தேன்.