ஷட்டருக்காக வெட்டிய தூண்

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலையை அடைந்தபோது பகல் பதினொரு மணி. தொண்ணூறுகளின் பிற்பகுதி. பௌர்ணமி என்றால் ஊர் கொள்ளாத கூட்டம். அக்காவுக்குக் கிரிவலம் போகவேண்டும். ஆர்க்கிடெக்டான எனக்குக் கோபுரங்களைப் பார்க்கவேண்டும்.

"லாட்ஜெல்லாம் ஃபுல்லும்மா. புதுசா மாடி எடுத்த லாட்ஜ் ஒண்ணு இருக்கு, வாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

நான்கு மாடிக் கட்டடம். இரண்டாம் மாடியில் அறை கிடைத்தது. சாப்பிட்டதும் அக்கா தூங்கிவிட்டாள். டீ குடிக்கலாமென்று இறங்கினேன். தரைத்தளத்தில் தார்ப்பாய்க்குப் பின்னால் உளிச் சத்தம். விலக்கிப் பார்த்தேன். இரண்டு பேர் ஒரு தூணை உடைத்துக்கொண்டிருந்தார்கள். காரை உதிர்ந்து கம்பிகள் தெரிந்தன, இரண்டை அறுத்தும்விட்டார்கள்.

லாட்ஜ் உரிமையாளர் பக்கத்திலேயே நின்றார்.

"கடை வெக்கப் போறேம்மா. ஷட்டருக்கு எடம் கம்மியா இருக்கு. இந்தத் தூணு ஒண்ணுதான் குறுக்க நிக்குது."

"இதுமேல நாலு மாடி நிக்குதுங்க!"

"மத்த தூணுங்க இருக்குதே? பிளான் ரெண்டு மாடிக்குத்தான் போட்டோம். கூட்டம் ஜாஸ்தியாச்சின்னு மேல எடுத்தோம். ஒண்ணும் ஆவலையே."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தூணை வெட்டியதைவிட அந்த நம்பிக்கைதான் என்னைத் திகைக்கவைத்தது. பேச வாயெடுத்தபோது உத்தரத்தில் ஒரு கீறல் ஓடியது. அவர் தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. தடவிப் பார்த்தவரின் முகம் வெளுத்தது.

"எல்லாரையும் எறக்கணுமா?"

"இப்பவே!"

அவர்தான் முதலில் படியேறி ஓடினார். நானும் ஓடினேன். "சாமான விடுங்க, கீழ எறங்குங்க!" என்று கதவு கதவாகத் தட்டினோம். யாருடையதோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வெறுங்காலோடு இறங்கினாள். வேலையாட்கள் சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து அவசரமாக முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

மூன்று மணி சுமாருக்கு உள்ளே ஏதோ முறிந்தது. கட்டடத்தின் முகப்பு ஒரு சாண் இறங்கி, அந்தக் கழிகளின்மேல் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடிபடவில்லை.

உரிமையாளர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பசங்க மூணாவது மாடியில படுத்துனு இருந்தாங்கம்மா" என்றார்.

கிரிவலம் போகாமலே பஸ் ஏறினோம். ஊர் எல்லை வரையில் இருபுறமும் புது வீடுகள். அடுத்த மாடிக்காக மொட்டைமாடிகளில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள். செஞ்சி தாண்டியதும் அக்கா கேட்டாள்:

"நம்ம ஃபிளாட்டு தாங்குமாடி?"

ஆறு வருடமாக அங்கே குடியிருக்கிறோம். யார் கட்டியது, எத்தனை மாடிக்கு அஸ்திவாரம் போட்டது என்று எனக்குத் தெரியாது.