எப்போது பாலேக்?

மலேசியாவின் ஜொகூருக்கு வந்த நாளிலிருந்து என்னைச் சங்கடப்படுத்திவரும் மலாய்ச் சொல் 'பாலேக்'. சாயங்காலம் பையை எடுத்தால் 'பாலேக்?' என்பார்கள். வீட்டுக்கா என்று அர்த்தம். விடுமுறைக்கு விண்ணப்பித்தாலும் 'பாலேக்?' தான். அப்போது ஊருக்கா என்று அர்த்தம். வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே சொல். நானோ இரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொண்டு வாழ்பவள்.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் எனக்கு வேலை. சென்ற ஆண்டு அங்கே ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கட்டாயமில்லை, விருப்பப்பட்டால் சேரலாம், வெளிநாட்டுக்காரர்களும் சேரலாம். ஒப்பந்தம் பாதியில் முடிந்தால் பணம் என்ன ஆகும் என்று கேட்க நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். ரோஹானா என்ற மலாய்ப் பெண்மணி இருந்தார். அரைகுறை மலாயில், "நான் பாலேக் ஆனால் பணம் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எப்போது பாலேக்?" என்றார். மணி ஐந்தாகியிருந்ததால், வீட்டுக்குப் போவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இதோ, இப்போதே" என்றேன்.

மறுநாள் காலை நூலகத் தலைவர் திரு. டான் என் மேசைக்கு ஓடிவந்தார்.

"ஜெயா, யூ ரிசைன் ஆ?"

இல்லை என்று நான் விளக்குவதற்குள், அடுத்த ஒப்பந்தத்துக்கு என் பெயரைப் பரிந்துரைத்துவிட்டதாகவும், அவசரப்படக் கூடாது என்றும் சொல்லி முடித்தார். அதுவரை அந்தப் பரிந்துரை எனக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் கலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் இதே ஜொகூரின் சிகாமட்டில் பிறந்த தமிழர், திட்டத்தில் முதல் மாதமே சேர்ந்தவர்.

"அலமாக்! கேக்கறத என்கிட்ட தமிழ்ல கேட்டிருக்கலாம்ல? நீங்க போடற காசு என்னைக்கும் உங்களோடது லா. யூனிவர்சிட்டி போடற பங்குதான், சில வருஷம் இருந்தா முழுசா வரும். மாசம் எவ்வளவுன்னு நீங்களே சொல்லலாம், அப்புறம் மாத்திக்கலாம். இடையில கை வைக்க முடியாது, அவ்வளவுதான். ஒரேடியா ஊருக்குப் போனா எடுத்துக்கலாம்."

அன்று மாலை கணவர் முருகேசனிடம் சொன்னேன். நாங்கள் குடியிருக்கும் தம்போயிலேயே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம் மனை வாங்கும் கனவு.

"நாம கெளம்பப் போறவங்க. நம்ம காச ஏன் இங்க பூட்டி வைக்கணும்?"

"எட்டு வருஷமா கெளம்பிக்கிட்டேதான இருக்கோம்?"

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. தூத்துக்குடி ஜவுளிக்கடையில் ஆயுள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியவர். முதலாளி, மகனிடம் கடையை ஒப்படைத்த நாளில் அப்பாவுக்கு ஒரு வேட்டி சட்டை கொடுத்து அனுப்பிவைத்தார். மறுவாரமே அப்பா வேறொரு கடையில் காவலுக்கு நின்றார். கால் வீங்கி, நான் சண்டை போட்ட பிறகுதான் உட்கார்ந்தார். இதைச் சொன்னபோது முருகேசன், "மனை மெதுவா வரட்டும். நீ சேரு" என்றார்.

சேர்ந்தேன். ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வாழும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். 'முதுமையிலும் நான் இருப்பேன்' என்று அன்னிய மண்ணில் முதல்முறை சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

சொன்ன பிறகு மனம் இலேசானது. கிளம்பும்போது யார் தூக்குவது என்று பயந்து இதுவரை வாங்காத சாப்பாட்டு மேசையை அந்த மாதமே வாங்கினோம். கடலோர ஊரான பொந்தியானிலிருந்து வாங்கிவந்த மீனைக் குழம்பு வைத்து, முதல் நாள் மேசைமுன் உட்கார்ந்தோம். எதிர் நாற்காலியில் கைபேசியைச் சாய்த்துவைத்து என் அப்பாவை வீடியோவில் அழைத்தார் முருகேசன்.

அப்பா அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ராச்சாப்பாடா?"

"இங்க இருட்டிட்டுப்பா."

எங்கள் ஜன்னலில் தம்போயின் தெருவிளக்குகள். அவர் தோளில் தூத்துக்குடியின் மாலை வெயில். ஒரே மேசை. ஒரு பக்கம் இரவு வந்துவிட்டது, மறுபக்கம் இன்னும் பகல்.