தானாகப் படம் எடுக்கும் காமிரா

இன்று சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் மகன் துக்கம் கேட்க வந்தான். புதுக் காமிராவை முக்காலியில் வைத்து, எதையோ திருகிவிட்டு, ஓடிவந்து என் பக்கத்தில் நின்றான்.

"எடுக்க ஆள் வேணாமாப்பா?" என்றேன்.

"வேணாம் அயித்தை, தானா எடுத்துக்கிரும். என்னைய ஏன் பாக்கீக? அங்குட்டுப் பாருங்க."

பார்த்தேன். எடுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் காமிராவோடு போவார். "நீங்க எப்பத்தான் வந்து நிப்பீக?" என்பேன். "நான் நின்னா யாரு எடுக்குறது?" என்பார்.

அவர் போய் இருபது நாளாகிறது. மாலை போட ஒரு படம் தேடினேன். அவர் எடுத்த படங்கள்தான் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒன்றில்கூட அவர் இல்லை.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வேறு யாராவது எடுத்த படங்களைப் பாருங்கள். ஓரத்தில் அவர் நின்றால் சொல்லுங்கள். முகத்தைக் காமிரா மறைத்திருக்கும். பரவாயில்லை, எனக்குத் தெரியும்.